மாஸ்டரின் மூடிய கை

பெட்டி மாஸ்டர் சின்ன வயதில் அப்பாவிடம் வாங்கிய அடி கொஞ்சநஞ்சமல்ல. ஆர்மோனியப் பெட்டியைத் தொட்டால் பெல்ட் பேசும். ஒரு நாள் அந்த மனிதர் பெட்டியையே மாடியிலிருந்து வீசினார். தடுக்கப் போன மகனின் முன்பல் இரண்டும் அதோடு போயின. வாய் நிறைய ரத்தத்தோடு அவன் கடவுளிடம் ஒன்றே ஒன்று கேட்டான்: என் கை யார் மேலும் ஓங்கக் கூடாது. கேட்டது கிடைத்தது.

கச்சேரிகளில் வாசித்தே தலை நரைத்த பிறகு, லாரிப் பட்டறைக்கு மேலே இருந்த காலி அறையில் ஒரு பாட்டுக் குழு ஆரம்பித்தார். குளிக்கும்போது மட்டும் பாடுகிறவர்கள் வந்தால் போதும் என்றார். கறிக்கடைக்காரர் வந்தார், நர்ஸம்மா வந்தார், தையல்காரி வந்தாள். இருபது பேருக்கு மேல் தேறினார்கள்.

இவர்களைப் பாட வைத்துவிடலாம், நிறுத்துவதுதான் பெரும்பாடு. பாட்டு முடிந்த பிறகும் கறிக்கடைக்காரர் குரல் தனியாக ஓடும். ஒருத்தர் இருமுவார், இன்னொருத்தர் குடும்பக் கதையை அவிழ்ப்பார். மாஸ்டர் ஒரு சட்டம் போட்டார். அவர் கையைத் தூக்கி விரல்களை மூடினால் குரல் நிற்க வேண்டும். கை இறங்கும்வரை காலும் அசையக் கூடாது. அசைந்தவர் அறையைப் பெருக்க வேண்டும்.

"மாஸ்டர், கடையில வெட்டுறதைவிட இங்க பெருக்குறதுதான் எனக்கு ஜாஸ்தி," என்பார் கறிக்கடைக்காரர்.

"வாயை அடக்குங்க, விளக்குமாறும் ஓய்வெடுக்கும்."

பழகப் பழக, மூடிய கையைக் கண்டால் மூச்சை இழுக்கக்கூட யோசித்தார்கள்.

தையல்காரி ஒரு நாள் உதடு வீங்கி வந்தாள். "மெஷின் இடிச்சிருச்சு," என்றாள்.

"மெஷினுக்குக் கையும் முளைச்சிருச்சா?" என்று நர்ஸம்மா அவளைத் தனியாக அழைத்துப் போய்க் கழுத்தைப் பார்த்தார். லாரி ஓட்டும் கணவன் நெரித்த தடம். இன்னொரு தடவை பாடப் போனால் உயிரோடு விடமாட்டேன் என்று சொல்லியிருந்தான். அவன் வெளியூர் லோடு ஏற்றிப் போயிருக்கிறான் என்ற தைரியத்தில்தான் வந்திருந்தாள். நர்ஸம்மா அதை மாஸ்டர் காதில் போட்டார்.

வெளியூர் போயிருந்தவன் அன்றே திரும்பி, பாதிப் பாட்டில் படியேறி வந்தான். கையில் சக்கரம் கழற்றும் இரும்பு ஸ்பேனர்.

"எறங்கி வாடி. இன்னிக்கு உன் கதையை முடிச்சிட்டுத்தான் எனக்குச் சோறு."

மாஸ்டர் குறுக்கே போய் நின்றார். "தம்பி, மொதல்ல அதைக் கீழ வைங்க."

முதல் அடியில் ஆர்மோனியம் பிளந்து கட்டைகள் தெறித்தன. இரண்டாவது அடி மாஸ்டரின் தோளில் விழுந்து எலும்பு முறிந்தது. மூன்றாவதைத் தடுக்க மறு கையைத் தலைக்கு மேலே தூக்கினார். வலியில் விரல்கள் தாமாக இறுகி மூடின.

அவன் ஒரு கையில் ஸ்பேனரை ஓங்கியபடியே, மறு கையால் எட்டி மனைவியின் கூந்தலைப் பிடித்து இழுத்தான். அவள் முழங்கால் தரையில் தேய்ந்து ரத்தம் கோடு போட்டது. முதுகுக்குப் பின்னால் இருபது பேர் இருக்க, ஒருவரும் ஏன் வரவில்லை? மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். எல்லார் கண்களும் அவருடைய மூடிய கைமேல் இருந்தன. கறிக்கடைக்காரர் ஒரு கால் முன்னே, வாய் பிளந்தபடி, சிலையாக நின்றார். பயம் பாதி, பழக்கம் பாதி.

கையை இறக்கினால் தலை திறந்துவிடும். ஸ்பேனர் மேலேதான் இருந்தது. கடவுளே என்று மனதுக்குள் கூப்பிட்டுக்கொண்டு கையை இறக்கினார்.

அடி இடது காதின் மேல் இறங்கியது.

அதற்குப் பிறகு அவர்களை யாரால் பிடிக்க முடியும்? கறிக்கடைக்காரர் அவன் மணிக்கட்டைத் திருகினார்; முறிந்தது. தரையில் போட்டு முகத்தில் மிதித்தார்கள், விலாவில் மிதித்தார்கள். காதிலிருந்து ரத்தம் ஒழுக, மாஸ்டர் கிடந்தபடியே "போதும்" என்றார். கேட்பார் இல்லை.

தையல்காரி எழுந்து நடுவில் புகுந்தாள். தலையில் ஒரு பக்கம் முடி பிய்ந்து வந்திருந்தது.

"விடுங்க. இவன் செத்தா நான் உக்காந்து அழணும். அந்த வேலை எனக்கு வேணாம்."

கால்கள் நின்றன. போலீஸ் வரும்வரை கறிக்கடைக்காரர் அவன் மேலேயே உட்கார்ந்திருந்தார்.

மாஸ்டருக்கு அந்தக் காது மறுபடி கேட்கவேயில்லை. தையல்காரி அன்று ஆஸ்பத்திரியிலிருந்து நேராக நர்ஸம்மா வீட்டுக்குப் போனாள். மாற்றுத் துணிகூட இல்லை. இடுப்பில் செருகிய அளவு டேப் மட்டும் இருந்தது.