வெளுத்த மாத்திரை

போன வருஷம் ஐப்பசி மழை சமயத்தில், போடிநாயக்கனூரில் ஒரு மருந்துக்கடையில் ஆரம்பித்த விஷயம் இது. மனப்பதற்றத்துக்கு நான் ரொம்ப நாளாக மாத்திரை சாப்பிட்டு வருகிறேன். கணவருக்குப் போடிமெட்டுக்கு மேலே எஸ்டேட்டில் வேலை. வாரம் ஒருநாள்தான் இறங்கி வருவார். அவரைத் தவிர யாருக்கும் இது தெரியாது. பக்கத்து வீட்டில் கேட்டால் தைராய்டுக்கு என்பேன்.

அன்று கடைக்காரர் நீட்டிய அட்டையில் வழக்கமான பச்சை மாத்திரை இல்லை. வெள்ளையாக, கொஞ்சம் சின்னதாக இருந்தது.

"அதே மருந்துதான்க்கா. இதுல ஜெனரிக் வந்துருச்சு. வெலயும் கம்மி, கொண்டு போங்க."

எனக்குப் பின்னால் தெரிந்தவர்கள் நின்றார்கள். எதற்கான மருந்து என்று காதில் வாங்கிவிடுவார்களோ என்று பயந்து, மேற்கொண்டு கேட்காமல் வந்துவிட்டேன்.

எட்டாவதோடு படிப்பை விட்டவள் நான். ஏலக்காய் தரம் பிரிக்கிற வேலை. பச்சை மாறாத பருங்காய் ஒரு பக்கம், வெளுத்ததும் சிறுத்ததும் மறுபக்கம். பகலெல்லாம் அதையே பார்க்கிற கண்ணுக்கு, அந்த மாத்திரையும் கழித்துப்போட்ட காயாகத்தான் தெரிந்தது. விலை வேறு குறைவு. மட்டமான சரக்கு என்று நானே முடிவுகட்டி, போடாமல் விட்டுவிட்டேன்.

நாலைந்து நாளில் தலை சுற்றியது. கைநடுக்கத்தில் காய்கள் சிதறின.

"என்ன ஆத்தா, கோழி கெளறுன மாதிரி எறைக்கிற?" என்று கூட வேலை செய்கிறவள் சிரித்தாள். நானும் சிரித்து வைத்தேன். வீட்டுக்கு வந்தால், கணவர் வருகிற ஜீப்பு வளைவில் உருண்டுவிட்டதாகவே தோன்றும். போன் போட்டால் மேலே சிக்னல் இருக்காது. சொல்லி அழவும் ஆளில்லை.

தாங்க முடியாமல் ஒரு காலை ஆஸ்பத்திரிக்குப் போனேன். முந்தானையை இழுத்து முகத்தை மறைத்தபடி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் ராசிங்காபுரத்திலிருந்து வந்த ஒரு பெண். என் கையிலிருந்த பிரிக்காத அட்டையைப் பார்த்ததும், கூச்சமே இல்லாமல் தன் பையிலிருந்து அதே அட்டையை எடுத்துக் காட்டினாள். பாதி காலியாகியிருந்தது. பச்சைக்குப் பதில் இதைக் கொடுத்ததால் போடாமல் நிறுத்திவிட்டதை அவளிடம் சொன்னேன்.

"எனக்கும் மொதல்ல பச்சதான் குடுத்தாக. இப்ப இதான். நல்லாத்தான் இருக்கேன்."

"வெளுத்துல்ல இருக்கு?"

"ஏக்கா, மாத்திரைய ஏலத்துலயா விடப் போறீக? முழுங்கத்தானே! நிறுத்துனத டாக்டர்ட்ட மறைக்காம சொல்லிருங்க."

சொன்னேன். உள்ளிருக்கிற மருந்து ஒன்றேதான், நிறம் கம்பெனிக்குக் கம்பெனி மாறும், திடீரென்று நிறுத்தியதுதான் ஆபத்து என்றார் டாக்டர். எப்படித் திரும்பத் தொடங்குவது என்றும் சொல்லி அனுப்பினார். நான் வெளியே வர, அவள் உள்ளே போனாள். போகிற போக்கில் என் கையை ஒருமுறை அழுத்தினாள். பேர்கூடக் கேட்கவில்லை, பிறகு பார்க்கவுமில்லை.

இன்றும் விடிந்ததும் தனியாக உட்கார்ந்து மாத்திரை போடும்போது, அவளும் இந்நேரம் இதையே விழுங்கிக்கொண்டிருப்பாள் என்று நினைத்துக்கொள்வேன்; ஆளில்லாத வீட்டில் எனக்கிருக்கிற துணை அந்த நினைப்பு ஒன்றுதான்.