விழுங்கிய சொல்

புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் முடிந்து படுத்திருக்கிறேன். பக்கத்தில் என் மகள் ஸ்டெல்லா, மணிக்கு மணி மாதா ஜெபத்தின் முன்பாதி பின்பாதி இரண்டையும் தானே சொல்லி ஜெபமாலை உருட்டுகிறாள். 'இப்பொழுதும் எங்கள் இறப்பின் வேளையிலும்' வேண்டிக்கொள்ளும்படி மாதாவைக் கேட்கும் இடம் வந்தால் மட்டும் குரலை விழுங்கிவிடுகிறாள்.

ஆவூர்ப் பக்கத்து எங்கள் வீட்டில் கீழாநெல்லி அரைத்த வாசம் சட்டென்று மூக்கில் ஏறியது. அம்மாவுக்கு மஞ்சள் காமாலை முற்றிப்போன வருஷம் அது. கண்ணெல்லாம் மஞ்சளாகக் கயிற்றுக் கட்டிலில் கிடந்தாள். விளக்கு வைத்ததும் அப்பா முழந்தாளிட்டு முன்பாதி சொல்ல, பிள்ளைகள் நாங்கள் பின்பாதி சொல்வோம். அப்போது அந்த இடத்தில் 'மரண நேரத்திலும்' என்றுதான் பாடம். எங்களில் ஒருவருக்கும் அதற்கு வாய் வராது. அப்பாவும் கண்டுகொள்ளமாட்டார்.

ஒருநாள் கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"ஏன், அந்த எடத்துல மட்டும் எல்லாருக்கும் தொண்ட அடைச்சுக்குதா? எனக்காகத்தானே கேக்குறீங்க? முழுசாக் கேளுங்க."

அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு அதே மணியை மறுபடி பிடித்தார். பின்பாதியை அம்மாவே சொன்னாள், அந்தச் சொல்லையும் சேர்த்து. முடித்துவிட்டு, "கஞ்சி இருக்கா?" என்றாள். பல நாளாக எதையும் கேட்காதவள். பிறகு மெல்ல எழுந்து நடந்தாள். என் கல்யாணப் பந்தியில் நின்று பரிமாறினாள்.

"ஸ்டெல்லா, அந்த மணிய மறுபடி சொல்லும்மா."

அவள் திகைத்துப்போய் என்னைப் பார்த்தபடியே முன்பாதியைச் சொன்னாள். பின்பாதியை நான் சொன்னேன், ஒரு சொல் விடாமல்.

எனக்கும் பசித்தது.