சொம்பில் விழுந்த சொட்டு

எருமப்பட்டிப் பக்கம் எங்கள் முட்டைக்கோழிப் பண்ணை. தீவன வண்டியின் சக்கரம் கிரீச்சிட்டால் போதும், தீவனம் கண்ணில் படும் முன்பே கூண்டுகளிலிருந்து கழுத்துகள் ஒருசேர நீளும். இருபது வருடமாகக் கேட்ட சத்தம். ஒருநாள் காலை அது என்னை அழைத்தது.

பெயர் சொல்லி அல்ல; ஆனால் எனக்கென்றே. பிறகு முட்டை லாரியின் ஹாரன், மோட்டார் நின்ற கணம், கம்பிவேலிக் காகம் என எல்லாமே எனக்கு வந்த தகவல். முதலில் பூரிப்புதான். போகப்போக எல்லாத் தகவல்களும் ஒன்றையே சொல்லின: குடிக்கும் தண்ணீரில் எதையோ கலக்கிறார்கள்.

மனைவி சுமதியிடம் சொன்னேன்.

“ஏனுங்க, உங்களுக்கு நான் வெசம் வெப்பனா?” என்றாள். மருத்துவமனைக்குக் கூப்பிட்டாள். கெஞ்சினாள். நான் அசையவில்லை.

மூன்றாம் வாரம், குளித்துவிட்டுச் சமையலறை வாசலுக்கு வந்தேன். என் சொம்பில் சொட்டு மருந்து விட்டுக்கொண்டிருந்தாள். உதடு எண்ணிக்கொண்டிருந்தது.

“தெனமும் கேட்டனே. இல்லைன்னியே.”

“கோழிக்குச் சளின்னா நீங்க தொட்டியில கலக்கறதில்லீங்களா? எந்தக் கோழியக் கேட்டீங்க?” கத்திவிட்டு அழுதாள். “டாக்டருகிட்ட நானே போயி வாங்கியாந்த மருந்துங்க. நீங்க ஆசுபத்திரிக்கு வாரேன்னு ஒரு வார்த்தை சொல்லலியே!”

கலக்கக் கற்றுக்கொடுத்தவன் நான்தான். ஆனால் அந்த ஒன்று உண்மையானதும் காகமும் ஹாரனும்கூட உண்மையாகிவிட்டன. இரண்டு நாள் தண்ணீரைத் தொடவில்லை. மயங்கி விழுந்தவனைச் சேலத்துக்குத் தூக்கிப்போனார்கள்.

நான் தேறியதும், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்ட மருத்துவர் கேட்டார்: “தீவனம் இல்லாம வண்டியத் தள்ளினா கோழி என்ன செய்யும்?”

“கொஞ்ச நாள் கழுத்த நீட்டுமுங்க. அப்பறம் கண்டுக்காது.”

“மூளையும் அப்படித்தான் கத்துக்குது. உங்களுக்கு அந்தக் ‘கண்டுக்காது’ங்கறது வேலை செய்யல.”

எதிர்பாராதது நடந்தால் டோபமின் (நரம்புகளிடையே செய்தி கடத்தும் வேதிப்பொருள்) ‘இதைக் குறித்துக்கொள்’ என்று மூளைக்குச் சொல்லுமாம். சைக்கோசிஸில் (எது உண்மை என்ற பிடி நழுவும் நிலை) அது காரணமில்லாமலே சொல்லிக்கொண்டிருக்கும் என்று கருதுகிறார்கள். முழுக் கதையும் இதுவல்ல என்றும் சொன்னார். எனக்கு இதுவே போதுமானதாக இருந்தது. நடக்க, எண்ண, சுமதியை நேசிக்கச் சொல்லித்தந்த அதே வாத்தியார்தான் எனக்குப் பொய்ப்பாடம் நடத்தியிருக்கிறார்.

பிறகு மருத்துவர் சுமதியிடம் திரும்பினார். “மறைச்சுக் குடுத்தாலும் மருந்து வேலை செய்யும்மா. ஆனா மனசு வேற பாடம் படிச்சுக்கும்.” அவள் சுவரைப் பார்த்தாள்.

உங்கள் வீட்டிலும் ஒருவர் சிகிச்சையை மறுக்கலாம். சொம்பில் கலக்காதீர்கள். மருத்துவரை வீட்டுக்கு அழைக்க முடியுமா பாருங்கள். மறுப்பவரிடமே, சம்மதமா என்று திரும்பத் திரும்பக் கேளுங்கள்.

இப்போது மாத்திரையை நானே எடுத்துப் போடுகிறேன். அதனால் நாக்கு தடிக்கிறது, விரல் நடுங்குகிறது, உடம்பு எனக்கு இரண்டடி பின்னால் வருகிறது. சக்கரம் கிரீச்சிட்டால் என் கழுத்தும் நீளத்தான் செய்கிறது. காத்திருக்கிறேன். முன்பு பகல் முழுக்க நீண்ட அந்தக் காத்திருப்பு இன்று நான்கு மூச்சு. அப்புறம் அது வெறும் சக்கரம்.

சொம்புதான் இன்னும் வெறும் சொம்பாகவில்லை. சுமதி என் கண் முன்னால் ஒரு மிடறு குடித்துவிட்டுத்தான் நீட்டுகிறாள். யாரும் அவளிடம் சொல்லவில்லை. வேண்டாம் என்று நானும் இதுவரை சொன்னதில்லை.