சூடை தின்னாத மீன்காரி

மாங்கேணிச் சந்தியில் மீன் வெட்டி விற்கும் புஸ்பம் மீன் தின்பதில்லை. ஊருக்கு அது பகிடி.

"நீங்களே தின்னாத மீனை நாங்க எப்பிடி நம்பி வாங்கிற, புஸ்பக்கா?" என்பான் ஓட்டோக்கார நிலோஜன்.

"நானும் திண்டா உனக்கு மிஞ்சாது மனே. வாங்கிறெண்டா வாங்கு. இல்லாட்டி நிண்டு ஈயைக் கலை."

சிரிப்பாள். கை வெட்டிக்கொண்டே இருக்கும்.

மீனை விடுவதற்கு முன் அந்தக் கைதான் முதலில் வீங்கியது. விடிந்தால் விரல் மடங்காது. சுடுதண்ணீரில் ஊறவைத்த பிறகுதான் கத்தியைப் பிடிக்கலாம். மட்டக்களப்பு ஆஸ்பத்திரியில் முடக்குவாதம் என்றார்கள். குளிசை தந்தார்கள். விடாமல் போடவேண்டும், மாதாமாதம் கிளினிக்குக்கு வரவேண்டும் என்றார்கள். குளிசை வயிற்றைப் பிரட்டியது. கிளினிக்குக்குப் போனால் அன்றைக்கு வியாபாரம் இல்லை. போட்டும் போடாமலும் இருந்தாள்.

அப்போதுதான் தமையன் பெண்சாதி தவமணி வந்து தன் கையை விரித்துக் காட்டினாள். அவளுக்கும் இதே வருத்தம். புஸ்பத்துக்கு முன்பே வந்தது. விளக்குமாறு பிடிக்க ஏலாமல் கிடந்தவள். இப்போது விரல்கள் நேராக இருந்தன.

"என்ன செஞ்ச மச்சாள்?"

"கிரந்திச் சாமான், வீக்கத்தைக் கிளப்பிற சாப்பாடு எல்லாத்தையும் விட்டன் கா. இறால், நண்டு, சூரை, சூடை, கத்தரிக்காய். அவ்வளவுதான்."

"குளிசை?"

"அதை எப்பவோ விட்டாச்சு."

புஸ்பமும் விட்டாள். முதலில் குளிசையை, பிறகு மீனை. பத்தியம் என்றால் அவளுக்குப் பத்தியம்தான். புருசன் சீனித்தம்பி கடலால் வந்து சூடைப் பொரியலோடு சோறு தின்னும்போது, வாசனை படாமல் வளவுக்குள் போய் நின்றாள். தொடக்கத்தில் உடம்பு இலேசானது; வீக்கமும் வற்றியது போலத்தான் இருந்தது. பிறகு மணிக்கட்டு வீங்கியது.

தவமணியிடம் கொண்டுபோய்க் காட்டினாள். தவமணி கையைத் தொடவில்லை.

"எங்கயோ வாய் தவறியிருக்கு மச்சாள். யோசிச்சுப் பார்."

புஸ்பம் யோசித்தாள். ஒரு கலியாண வீட்டில் தின்ற கத்தரிக்காய்க் கறி ஞாபகம் வந்தது. தன் வாயைத் தானே வைதாள். அதற்குப் பிறகு கலியாண வீடுகளுக்கும் போகவில்லை.

விரல்கள் மெல்ல மெல்லச் சுண்டுவிரல் பக்கம் சாய்ந்தன. ஒருநாள் பாரைத் தலையை வெட்டும்போது கத்தி நழுவி மடியில் விழுந்தது. மீன் வாங்க வந்தவள் கத்தியை எடுத்துக் கழுவிக் கொடுத்தாள். அந்த இரக்கம்தான் புஸ்பத்தைத் திரும்பவும் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏற்றியது.

கிளினிக் வாங்கில், நோயாளர் வரிசையில், தவமணி உட்கார்ந்திருந்தாள்.

மாதாமாதம் கல்லடித் தங்கச்சி வீட்டுக்குப் போவதாகச் சொல்லிப் போகிறவள். புஸ்பத்தைக் கண்டதும் முந்தானையை இழுத்து முகத்தை மூடினாள். அதற்குள் தாதி கூப்பிட்டுவிட்டாள்.

"தவமணியக்கா, இந்த முறையும் இரத்தம் சோதிச்சாச்சுதானே? இவவைப் பாருங்க எல்லாரும். ஒரு மாசம் குளிசை விட்டதில்ல."

டொக்டர் சின்ன வயசுப் பெண். புஸ்பத்தின் கையை நெடுநேரம் பார்த்தாள். சாய்ந்தது இனி நேராகாது, மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்றாள். என்ன சாப்பிடுகிறாள் என்று கேட்டாள். புஸ்பம் சொன்னாள்.

"சூடையை ஏனம்மா விட்டீங்க? அந்த எண்ணெய் மீன் மூட்டு வீக்கத்துக்குக் கொஞ்சம் நல்லது. கீரை, பருப்பு, மரக்கறி நல்லது. சீனியைக் குறைங்க. ஏதாவது ஒண்டு ஒத்துக்கொள்ளாட்டி அதை மட்டும் விடுங்க. சாப்பாடு துணைதான். குளிசை செய்யிற வேலையை அது செய்யாது."

பஸ் நிலையத்தில் தவமணி காத்து நின்றாள்.

"மகள் கம்சாயினிக்கு வந்தாறுமூலையில சம்பந்தம் பேசின நேரம் கா. தாய் ஆயுசுக்கும் மருந்து குடிக்கிறா எண்டா, பிள்ளைக்கும் வருமெண்டு விட்டிருவாங்க. பத்தியத்தில வருத்தம் மாறிட்டு எண்டு ஊருக்குச் சொன்ன."

"நான் ஊரா?"

"நீ சந்தியில இருக்கிறாய் மச்சாள். உன்னட்டச் சொன்னா வாகரை வரைக்கும் போகும்."

"வீங்கின கையைக் கொண்டுவந்து காட்டினன். அப்பவும் வாய் தவறினது எண்டாய்."

"ஒருக்காச் சொன்னத்தை எப்பிடி மாத்திற?"

புஸ்பம் வீதியைப் பார்த்தாள். "பிள்ளைகளுக்கெண்டு என்னட்ட வாங்கின சூடை?"

தவமணி காலால் மண்ணைக் கிளறினாள். "நானும் திண்டன்."

தலையும் குடலும் எடுத்து, கழுவி, பையில் போட்டுக் கொடுத்தது இந்தக் கைதான். காசு வாங்கக்கூட மனம் வராத நாட்கள் இருந்தன. தன்னைப் போல நாக்கைக் கட்டிக்கொண்டு பிள்ளைகளுக்கு ஆக்கிப் போடுகிறாள் என்று இரங்கிய நாட்கள்.

வாகரை பஸ் வந்தது. சனம் நெருக்கியது. புஸ்பத்தின் விரல்கள் கம்பியைப் பற்ற முடியாமல் வழுக்கின. முன்னால் ஏறிவிட்ட தவமணி திரும்பிக் கையை நீட்டினாள். வேறு கை இருக்கவில்லை. புஸ்பம் அதைப் பிடித்து ஏறினாள்.

ஒரே சீற்தான் கிடைத்தது; புஸ்பம் இருந்தாள், தவமணி பக்கத்தில் நின்றாள். பஸ் ஓட்டமாவடிப் பாலம் தாண்டியது. பிறகு தவமணி குனிந்து காதருகே சொன்னாள்.

"ஆவணியில கலியாணம் மச்சாள். மாப்பிள்ளை வீட்டு ஆக்கள் சந்தியில இறங்கி உன்னட்டத்தான் விசாரிப்பாங்க. பத்தியத்தில மாறினது எண்டே சொல்லு."

புஸ்பம் கைகளை மடியில் விரித்து வைத்துக்கொண்டாள்.

"நான் ஒண்டும் சொல்லமாட்டன். பத்தியம் எப்பிடியெண்டு கேட்டா, என்ட கையைக் காட்டுவன்."