ஜான்சி டீச்சர் கேட்ட சந்தேகங்கள்

கடலூர் முதுநகரில் ஜான்சி டீச்சரிடம் வாய் கொடுக்கத் தலைமை ஆசிரியரே யோசிப்பார். அப்படிப்பட்டவள், கல்யாணமாகி ஆறு வருடமாக, "இன்னும் விசேஷம் இல்லியா?" என்று கேட்பவர்களிடம் மட்டும் சிரித்து நழுவினாள்.

2006-ல் சிதம்பரத்து டாக்டரம்மா அவளைச் சோதித்துவிட்டு, "உன்கிட்ட ஒரு குறையும் இல்ல. வீட்டுக்காரரைக் கூட்டிட்டு வா" என்றார்.

வீட்டுக்காரன் ஆரோக்கியராஜ் லைன்மேன். எந்தக் கம்பத்திலும் ஏறுவான். ஆஸ்பத்திரிப் படி மட்டும் ஏறமாட்டான். "அதெல்லாம் திருச்சபை ஒத்துக்காது ஜான்சி. பாவம்" என்றான்.

பிரசங்கம் தொடங்கியதும் கண் சொக்குகிறவனுக்கு எங்கிருந்து வந்தது இந்த ஞானம்? "அப்படியா மாமா? வாங்க, ஃபாதரையே கேட்டுடலாம்" என்று ஞாயிறு பூசை முடிந்த கையோடு இழுத்துப்போனாள்.

பங்குச் சாமியார் அந்தோணிசாமி பொறுமையாகக் கேட்டார். "புருஷன் பொண்டாட்டி உறவுக்குப் பதிலா லேப்ல கருவ உண்டாக்குறதத்தான் சபை வேணாங்குது. அதுல மிஞ்சுற கருவ அழிச்சிடுறாங்க, அதுவும் உசுருதானே? ஆனா நோய்க்கு வைத்தியம் பாக்குறது பாவம்னு எவன் சொன்னான்?"

"இவருதான் ஃபாதர்."

ஆரோக்கியராஜ் கூரையைப் பார்த்தான்.

"டெஸ்டுக்கு சாம்பிள் எப்படி எடுக்குறது ஃபாதர்?" வகுப்பில் கேட்கிற அதே குரலில் கேட்டாள்.

ஃபாதரின் காது சிவந்தது. "அதுக்கும் தாம்பத்தியத்த மீறாத வழி இருக்கும்மா... டாக்டரம்மாகிட்ட கேளு" என்று ஜெபமாலையை எடுத்துக்கொண்டு எழுந்துவிட்டார்.

டெஸ்டில் ஆரோக்கியராஜுக்கு விதைப்பையில் நரம்பு வீக்கம் என்று தெரிந்தது. ஆபரேஷன் நடந்தது. இரண்டு வருடம் போயிற்று, குழந்தை வரவில்லை. இனி டெஸ்ட் ட்யூப் பேபிதான் வழி என்றார் டாக்டரம்மா. இப்போது அவன், "பண்ணிடலாம் ஜான்சி, யாருக்குத் தெரியப்போவுது?" என்றான்.

அவள் தனியாக ஃபாதரிடம் போனாள். "புள்ள கேக்குறது தப்பா?"

"தப்பில்ல. ஆனா புள்ளைங்கிறது உரிமை இல்லம்மா, கொடை."

"குடுக்கலியே ஃபாதர்."

"ஏன்னு எனக்கும் தெரியலம்மா" என்றார். சமாளிக்கப் பார்க்கவில்லை. அன்றைக்குத்தான் அவரை அவளுக்குப் பிடித்துப்போனது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் அழுதாள். பிறகு கணவனிடம், "மிஞ்சிப்போற கருவ நெனச்சா எனக்குத் தூக்கம் வராது மாமா. வேணாம்" என்றாள். ஒரு வாரம் முகத்தைத் தூக்கி வைத்திருந்த பிறகு, தத்தெடுக்க மனுப்போட வேண்டிய இடத்தை அவனே விசாரித்து வந்தான்.

2010-ல் பத்து மாதக் குழந்தை எழிலரசி வீட்டுக்கு வந்தாள். ஞானஸ்நானத்தன்று கோயிலே அதிரக் கத்தினாள். பக்கத்து வீட்டுத் தைலம்மாள் உற்றுப் பார்த்து, "யாரு ஜாடைடீ இது?" என்றாள்.

"கத்துறதுல நான். ஊசியப் பாத்தா ஓடுறதுல இவரு" என்றாள் ஜான்சி.