எதிர்க் கதிரையில் சாப்பிட்டவர்

இதைக் கட்டுக்கதை என்று நினைப்பவர்கள் நினைத்துவிட்டுப் போகட்டும். எனக்கு நடந்தது. நான் மெல்பேர்னில் ஒரு முதியோர் இல்லத்தில் வேலை செய்கிறவள். இறந்தவர்களின் கண்ணை மூடி, முகம் துடைத்து, உடுப்பு மாற்றி அனுப்பியிருக்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது சொன்னால் வாய்விட்டுச் சிரிக்கிற ஆள். இப்போது சிரிப்பதில்லை.

என் பெயர் சிவகௌரி. மெல்பேர்ன் ஓரத்திலுள்ள கிரான்பர்னில் தனியாக இருக்கிறேன். கணவர் இறந்து ஒரு வருடம் தாண்டி, ஆட்டைத் திவசமும் முடிந்துவிட்டது. அவர் பெயரை எழுதவே கை கூசுகிறது. அருந்தவன். கல்யாணம் கட்டிய நாள் முதல் அந்தப் பெயரை நான் வாயால் சொன்னதே இல்லை. எங்கள் பக்கத்துப் பெண்கள் அப்படித்தான். "இஞ்சருங்கோ" என்றால் போதும், வீட்டின் எந்த மூலையில் இருந்தாலும் வந்துவிடுவார்.

சாவதற்குச் சில மாதங்கள் முன்னால் இணையத்தில் ஏதோ சலுகையைப் பார்த்து, ஒரு கடற்கரை விடுதிக்கு இரண்டு பேருக்குப் பணம் கட்டியிருந்தார். மூன்று இரவு. சாப்பாடு, குடி எல்லாம் அதற்குள் அடக்கம். "நீர் மூண்டு நாளைக்குச் சமைக்கக் குசினிப் பக்கமே போகக் கூடாது" என்று சொல்லிச் சிரித்தவர். போக முடியவில்லை. போன ஆடியில், இங்கே நடுக்குளிர்காலம், சலுகை முடியப்போகிறது என்று மின்னஞ்சல் வந்தது. சிட்னியிலிருக்கும் மகள் தர்ஷனா விடவில்லை.

"அப்பா ஆசையா வாங்கினது அம்மா. வேஸ்ட் ஆக்காதேங்கோ. போட்டு வாங்கோ."

போனேன். காரில் மூன்று மணித்தியாலம்.

யாரோ ஒரு முதலாளி கரீபியன் தீவுகளைப் பார்த்துவிட்டு வந்து, அதே மாதிரி வேண்டும் என்று கட்டிய விடுதியாம். ஓலைக் கூரை போட்ட பார். மஞ்சளும் நீலமுமாய்ச் சுவர்கள். பிளாஸ்டிக் தென்னை மரங்கள். வெளியே எலும்பைக் குடையும் தெற்குக் காற்று. அந்த மரங்களுக்கே காய்ச்சல் வந்திருக்கும்.

நல்லதையும் சொல்லத்தான் வேண்டும். கட்டிலில் படுத்தபடியே கடல் தெரியும். எந்த நேரமும் சூடான தேநீர். எதை எடுத்தாலும் பில் கொண்டுவந்து நீட்ட ஆள் இல்லை. ஆனால் கம்பளத்தில் ஈரச் சாக்கு மணம். பல்கனிக் கம்பியைத் தொட்டால் துரு கையோடு வந்தது. நூறு பேர் சாப்பிடக்கூடிய மண்டபத்தில் அங்கொன்றும் இங்கொன்றுமாய்ச் சில கிழடுகள். என்னையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

வரவேற்பில் தமிழ்நாட்டுப் பெண் ஒருத்தி இருந்தாள். ஹரிப்பிரியா. வேலைக்குச் சேர்ந்து ஒரு வாரம்தானாம். என் மணிக்கட்டில் விடுதியின் நீலப் பட்டியைப் பூட்டினாள். இன்னொன்றைக் கையில் தந்தாள்.

"இது அங்கிளுக்கு, ஆன்ட்டி. பூட்டிட்டா கழட்ட முடியாது. போறப்ப நாங்கதான் வெட்டி எடுப்போம்."

அங்கிள் இல்லை என்று இன்னும் எத்தனை பேருக்குச் சொல்வது? அலுத்துவிட்டது. வாங்கிப் பையில் போட்டுக்கொண்டேன்.

வீட்டில் தினமும் அவர் படத்துக்கு முன்னால் ஒரு தட்டில் சோறு வைத்துக் கூப்பிட்டுவிட்டுத்தான் நான் சாப்பிடுவேன். இங்கே படம் இல்லை. அதனால் முதல் நாள் மாலை, எதிரெதிராக இரண்டு கதிரை போட்ட, கடல் தெரியும் மூலை மேசையில் இரண்டு தட்டு வைத்தேன். எதிர்த் தட்டில் சோறு, மீன், கொஞ்சம் பீற்றூட். பக்கத்தில் அவருடைய நீலப் பட்டி. மெதுவாகச் சொன்னேன்.

"இஞ்சருங்கோ… வாங்கோ, சாப்பிடுங்கோ."

தேநீர் எடுக்கப் போனேன். திரும்பி வந்தபோது எதிர்க் கதிரை வெளியே இழுபட்டிருந்தது. மீனில் பாதி இல்லை. பட்டியையும் காணவில்லை.

பயம் வரவில்லை. அழுகை வந்தது. ஒரு வருடமாகக் கூப்பிட்டும் வராதவர் வந்துவிட்டார் என்று நினைத்தேன். அன்று வயிறு நிறையச் சாப்பிட்டேன். எதிர்க் கதிரையைப் பார்த்து, தர்ஷனாவின் புது வேலை, கூரை ஒழுக்கு என்று வீட்டுக் கதையெல்லாம் சொன்னேன்.

எழும்பும்போதுதான் கவனித்தேன். சோற்றில் ஒரு பருக்கை குறையவில்லை. பீற்றூட்டைக் கண்டாலே முகம் சுளிப்பவர், அதை மிச்சம் வைக்காமல் தின்றிருந்தார். கத்தியும் முள்ளுக்கரண்டியும் தட்டில் ஒழுங்காகப் பக்கம் பக்கமாக இருந்தன. இவர் கையால் பிசைந்து சாப்பிடுகிற மனிதர்.

விடுதிக்கு வந்தால் நாகரிகம் வரும்தானே… என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

மறுநாள் வெள்ளிக்கிழமை. மச்சம், மாமிசம் தொடாத நாள். மாலை இருட்டிவிட்டது. இரண்டு தட்டிலும் மரக்கறி மட்டும் வைத்தேன். கூப்பிட்டேன். தேநீர் எடுக்கப் போனேன்.

திரும்பி வந்தேன்.

எதிர்த் தட்டில் மாட்டிறைச்சி. மேலே குழம்பு. ஒரு துண்டை யாரோ வெட்டித் தின்ற அடையாளம். ஆவி இன்னும் பறந்துகொண்டிருந்தது.

நான் வைக்கவில்லை. இவர் வாழ்நாளில் தொட்டதில்லை.

தேநீர்க் கோப்பையை அப்படியே வைத்துவிட்டு நடந்தேன். ஓடவில்லை. ஓடினால் பின்னால் வருவது நிச்சயமாகிவிடும் என்று பயம்.

மூன்றாம் மாடி. அறைக் கதவைப் பூட்டினேன். சங்கிலியும் போட்டேன். மணி ஏழு பத்து.

கிரீச்…

பல்கனிப் பக்கம். பிளாஸ்டிக் கதிரை இழுபடும் சத்தம்.

திரை மூடியிருந்தது.

கிரீச்… கிரீச்…

பிறகு ஓர் இருமல். ஆண் இருமல். இவருடைய இருமலை ஆயிரம் பேருக்குள்ளும் கண்டுபிடிப்பேன்.

இது அவர் இல்லை.

அப்போதுதான் மூளையில் உறைத்தது. நான் யாருடைய பெயரையும் சொல்லிக் கூப்பிடவில்லை. வாங்கோ என்றேன். அவ்வளவுதான்.

கண்ணாடியை யாரோ தட்டினார்கள். மெதுவாக. மரியாதையாக.

"அருந்தவன்!"

கத்திவிட்டேன். முதல் தடவை.

"அருந்தவன்… ஓடி வாங்கோ!"

தட்டல் நின்றது.

ஒரு பெருமூச்சு. கதிரை பின்னால் நகர்ந்தது. பிறகு கடல் சத்தம் மட்டும்.

இவர் வரவில்லை.

விடியும்வரை எல்லா விளக்கையும் போட்டுக்கொண்டு கட்டிலில் குந்தியிருந்தேன். மூன்றாம் இரவு வேண்டாம் என்று பையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்தேன். ஹரிப்பிரியா என் பட்டியை வெட்டினாள்.

"அங்கிளையும் வரச் சொல்லுங்க, ஆன்ட்டி. அவர் கைல இருக்கறதையும் வெட்டணும்."

"ஆற்ற கையில?"

"உங்க வீட்டுக்காரர் கைலதான். ரெண்டு நாளும் இங்கேருந்து பார்த்தேனே, உங்களுக்கு எதிர்லதானே உக்காந்து சாப்பிட்டாரு? உயரமா… வெள்ளைக்கார அங்கிள்?"

"அவர் செத்து ஒரு வருசத்துக்கு மேல, பிள்ளை" என்றேன். பக்கத்தில் நின்ற மேலாளர் என்ன பேச்சு என்று கேட்டார். அவள் ஆங்கிலத்தில் சொன்னாள். அவர் முகம் வெளுத்துவிட்டது. எந்த மேசை என்று மட்டும் கேட்டார்.

பிறகு அவரே சொன்னார். ஒரு முதியவர் மனைவியுடன் குளிர்காலம் தவறாமல் வருவாராம். மனைவி இறந்த பிறகு தனியாக வந்திருக்கிறார். மற்ற மேசைக்காரர்களைப் பார்த்துப் பார்த்துச் சிரிப்பாராம். யாரும் வந்து உட்காருங்கள் என்று சொன்னதில்லை. போன வருடம் அந்த மூலை மேசையில் இருந்தபடியே இறந்துபோனார். அன்று இரவு தரை துடைக்க வந்தவர்கள் கதிரையைத் தூக்கப் போனபோதுதான் தெரிந்ததாம்.

வீட்டுக்கு வந்த நாளிலிருந்து படத்துக்கு முன்னால் சோறு வைத்து, "அருந்தவன், வாங்கோ" என்று பெயர் சொல்லித்தான் கூப்பிட்டேன். வாய் கூசும். ஆனாலும் சொன்னேன். வைத்த சோறு வைத்தபடியே கிடந்தது. பெயர் சொல்லிக் கூப்பிட்டால் ஒருவரும் வருவதில்லை.

போன கிழமை ஒரு நாள் முழுக்க மழை. தர்ஷனாவின் தொலைபேசியும் வரவில்லை. காலையிலிருந்து நான் ஒரு சொல் பேசியிருக்கவில்லை. தட்டை மேசையில் வைத்துவிட்டு வெகுநேரம் நின்றேன். தனியாகச் சாப்பிட்டுச் சாப்பிட்டு எனக்கு வெறுத்துவிட்டது.

"வாங்கோ" என்றேன். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

குசினிக்குத் திரும்பி நடந்தேன். பின்னால் கதிரை இழுபட்டது.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. இரண்டு பேருக்கும் தேநீர் போட்டேன்.