உப்பு மாவு நட்சத்திரங்களும் ஒரு விடுதி வாசலும்

மைதாவையும் தூளுப்பையும் தண்ணீர் விட்டுப் பிசைந்து, வடிவம் வெட்டி, உலர்த்தி, வண்ணம் தீட்டிப் பண்டிகைத் தோரணமாகத் தொங்கவிடுவது எளிது; அதைப் பார்க்க வருகிறவர்களைப் பொறுத்துக்கொள்வதுதான் தொழில்.

கையால் எதையாவது செய்து நாலு பேர் முன் வைத்துவிட்டுத் தலையில் கைவைத்து உட்கார்ந்திருக்கும் தோழர்களே, உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. தமிழ் வழியில் படித்துத் தமிழ் வழியிலேயே பாடம் நடத்தி ஓய்வுபெற்றவள் நான். கோணலான கோட்டை என் வகுப்பில் நான் அனுமதித்ததில்லை. என் வீட்டு மாவிலும் அனுமதிப்பதில்லை. இந்த ஆண்டு என் இலக்கு ஒன்றே ஒன்றுதான்: செங்கம் சாலையில், கிரிவலம் போகிறவர்கள் எல்லாரும் கடந்து செல்லும் ஒரு தங்கும் விடுதியின் வாசல். அதன் உரிமையாளர் பரசுராமன் பண்டிகைதோறும் சென்னையிலிருந்து பிளாஸ்டிக் சரங்களை வரவழைத்துத் தொங்கவிடுகிறவர். தீபத்திலிருந்து கிறிஸ்துமஸ் வரை என் வேலை அங்கே குலையாமல் நின்றால் இனி எல்லாப் பண்டிகைக்கும் வாசல் எனக்கு, நிற்காவிட்டால் பிளாஸ்டிக்குக்கு என்று அவர் சொல்லிவிட்டார். அந்த வாசல் எனக்கு வேண்டும் என்று ஆசைப்பட்டேன். பிளாஸ்டிக்கிடம் தோற்பதை என்னால் நினைத்துப் பார்க்கவும் முடியவில்லை.

துளையில்லா மாவிலைகள்

வேலை பெரிது என்பதால் எதிர்வீட்டு அபிராமியை உதவிக்குச் சேர்த்துக்கொண்டேன். பட்டம் பெற்ற பெண். கைப்பேசியில் நூறு காணொளிகள் பார்த்தவள். மாவு ஈரமாக இருக்கும்போதே உறிஞ்சுகுழலால் துளையிட வேண்டும், காய்ந்தபின் குத்தினால் விண்டுபோகும் என்று ஒன்றாம் வகுப்புக்குச் சொல்வதுபோல் சொன்னேன். தலையை ஆட்டினாள். மறுநாள் ஒரு தாம்பாளம் நிறைய மாவிலைகளைக் கொண்டுவந்து வைத்தாள். நரம்புகள்கூடக் கீறியிருந்தாள், நன்றாகவே இருந்தன. ஒன்றிலும் துளை இல்லை.

"ஓட்டை போட்டா அழகு போயிடும்னு விட்டுட்டேன் டீச்சர்" என்றாள். கயிற்றை எங்கே கோப்பது என்று கேட்டேன். அவள் சற்றும் கலங்கவில்லை. "பின்னாடி செல்லோடேப்பு போட்டு ஒட்டிடலாம் டீச்சர். கிரிவலம் போறவங்க காலு வலியோட போறாங்க, யாரு நின்னு இதைப் பாக்கப் போறா?"

வயிறு வைத்த நட்சத்திரங்கள்

மாவிலைகளை மீண்டும் செய்து முடித்தபோது கார்த்திகை மழை பிடித்துக்கொண்டது. உப்பு, காற்றில் உள்ள ஈரத்தையெல்லாம் தன்னிடம் அழைத்துக்கொள்ளும் பொருள். என் நட்சத்திரங்கள் நனைந்த அட்டையாகத் துவண்டன. பேருந்து நிலையத்தருகே பேக்கரி வைத்திருப்பவரிடம் கொண்டுபோனேன். ரொட்டி எடுத்தபின் அடுப்பு ஆறிவரும் அல்லவா, அந்த இளஞ்சூட்டில் மட்டும் வையுங்கள், மெல்ல உலர வேண்டும் என்று இருமுறை சொல்லிவிட்டு வந்தேன்.

நான் திரும்பிப் போனபோது என்னுடைய ஐந்துமுனை நட்சத்திரங்களுக்கு முனைகளே இல்லை. ஒவ்வொன்றுக்கும் தொப்பை விழுந்திருந்தது. என் கண்டிப்பை அவர் அவசரம் என்று புரிந்துகொண்டு, ரொட்டி வேகும் சூட்டிலேயே தள்ளியிருக்கிறார். என்னிடம் தட்டை நீட்டி மகிழ்ச்சியோடு சொன்னார்: "எப்படி உப்பி வந்துருக்கு பாத்தீங்களா டீச்சர்! ஈஸ்டே போடாம இப்படி வந்துச்சுன்னா உங்க கைராசிதான்!"

புதிதாகச் செய்த அடுத்த தட்டு உலர்ந்து முடியும்வரை அவர் அடுப்பருகே நான் காவல் நின்றேன்.

அதிர்வு ஜாஸ்தி

தீபத்துக்கு முதல்நாள் வாசலில் தோரணம் கட்டினேன். இருபுறமும் மாவிலைகள், மேலே நட்சத்திரங்கள், நடுவே சரத்தில் கோத்த அகல் வடிவங்கள். மாவின் சாயல் தெரியட்டும் என்று அகல்களுக்கு மட்டும் வண்ணமோ வார்னிஷோ பூசவில்லை. ஏணியிலிருந்து நான் இறங்குவதற்குள், விடுதியில் தங்கியிருந்த ஒருவர் கைகூப்பி நின்றார். பெங்களூரில் கணினி வேலை. இங்கே வந்ததும் ருத்திராட்சம்.

"மேடம், இதை செய்யறப்போ மந்திரம் சொல்லிட்டே செய்வீங்களா?" என்று கேட்டார். "வாயை மூடிக்கொண்டு செய்வேன்" என்றேன். எந்த மாணவனுக்கும் அந்தத் தொனி புரிந்திருக்கும். அவர் கண்களை மூடி ஆழ்ந்து மூச்சிழுத்தார். "மௌனத்துலயா! அப்போ இதுல வைப்ரேஷன் ஜாஸ்தி மேடம். எனக்கு ஒண்ணு கொடுங்க, கார்ல மாட்டிக்கறேன். போன மாசம்தான் ரெண்டு தடவை இடிச்சுட்டேன்."

தீபத்தன்று மாலை

மலை உச்சியில் தீபம் தெரிந்ததும் ஊரே வாசலில் விளக்கேற்றியது. என் வேலையை விளக்கொளியில் பார்க்கலாமென்று, நெரிசலில் இடிபட்டு விடுதிக்குப் போய்ச் சேர்ந்தேன். வாசலின் நடுவே வெறும் சணல்கயிறு ஆடிக்கொண்டிருந்தது. அகல்களைக் காணவில்லை.

உள்ளே பரசுராமனின் மனைவி மேகலா அவற்றை ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் வரிசையாக வைத்து, குங்குமமிட்டு, நெய் ஊற்றி, திரிபோட்டு ஏற்றியிருந்தாள். அதோடு விட்டாளா? மாவிளக்கு என்றால் திரி அணைந்து மலையேறியபின் பங்கிட வேண்டும் அல்லவா! உடைத்துப் பார்த்திருக்கிறாள், உடையவில்லை. அம்மிக்குழவியால் ஒரு போடு போட்டு, வாழைப்பழத் துண்டோடு எல்லாருக்கும் கொடுத்துவிட்டாள். வெளிநாட்டு அம்மையார் ஒருவர் கண்களில் நீர் தளும்ப, துப்பவும் மாட்டாமல் விழுங்கவும் மாட்டாமல் பக்தியோடு மென்றுகொண்டிருந்தார்.

இது அலங்காரப் பொருளம்மா, சாப்பிடும் பொருளல்ல என்றேன். குரல் எனக்கே சற்று உரக்கக் கேட்டது. மேகலா இடுப்பில் கைவைத்துக்கொண்டாள். "மாவுல வெளக்கு பண்ணிட்டு ஏத்தாம விடலாமா டீச்சர்? தீபத்தன்னிக்கு வெளக்கைக் கயித்துல தூக்குல தொங்கவிட்டா குடும்பத்துக்கு ஆவுமா?"

தீர்ப்பு

வாசல் போயிற்று என்றே முடிவு செய்தேன். மறுநாள் காலை, மிச்சமிருந்த மாவிலைகளையும் நட்சத்திரங்களையும் கழற்றிக்கொண்டு வரப் பையோடு போனேன். பேச வேண்டியதை வழிநெடுக அடுக்கிவைத்திருந்தேன்: வேலை குலையவில்லை, குலைத்தது உங்கள் வீட்டார், பிளாஸ்டிக்கை எவரும் குழவியால் உடைத்துப் பங்கிட மாட்டார்கள் என்பது அதன் பெருமையாகாது, இன்னும் பல.

ஏணியைக் கேட்பதற்குள் பரசுராமனே ஓடிவந்து பையை என் கையிலிருந்து வாங்கி வைத்தார். தங்கியிருந்தவர்கள் எல்லாருக்கும் நேற்றைய பூசை மிகவும் பிடித்துவிட்டதாம். அடுத்த பண்டிகை எப்போது என்று கேட்கிறார்களாம். "வாசல் உங்களுக்குத்தான் டீச்சர், பொங்கலுக்கும் சேத்து சொல்லிட்டேன். ஒண்ணே ஒண்ணு, உப்பைக் கம்மி பண்ணிட்டு வெல்லம் ஜாஸ்தி போட்டுடுங்க. கிறிஸ்துமஸ் நட்சத்திரமும் அப்படியே செஞ்சுட்டீங்கன்னா, கழட்டுன கையோட காப்பிக்குத் தொட்டுக்கலாம், வீணாவாது பாருங்க."

வாசலை ஏற்றுக்கொண்டேன், வெல்லத்தை மறுத்துவிட்டேன், கிறிஸ்துமஸ் நட்சத்திரங்களுக்கு உப்பை இன்னும் ஒரு பிடி கூட்டிப் பிசைந்துகொண்டிருக்கிறேன். அழகை நாக்கால் பார்க்கிறவர்கள் நடுவே கைவேலைக்கு வேறென்ன காவல் இருக்கிறது?